மூச்சைக் கேட்டல்

கராஜ் கதவை முழுக்க ஏற்றிவிட்டு, பானெட்டைத் திறந்துவைத்து, எஞ்சின் சூடாகும்வரை சும்மா நிற்க வேண்டும். பழைய டட்சன் 280இசட் காரை ட்யூன் செய்ய வந்தவருக்கு முதல் வேலை அதுதான். கால் மணி நேரமாவது பிடிக்கும். பொறுக்காமல், குளிர்ந்த எஞ்சினிலேயே திருகைத் தொட்டவர் எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்யத்தான் போகிறார்.

1975 முதல் 1978 வரை அமெரிக்காவில் விற்ற கார் அது. வரிசையாக ஆறு சிலிண்டர், 2.8 லிட்டர். அதற்கு முன் வந்த 240இசட்டில் இரண்டு கார்புரேட்டர்கள் இருந்தன. புகைக் கட்டுப்பாடு இறுகியதும் அந்த இடத்துக்கு பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. உள்ளே போகும் காற்று ஒரு மடலைத் தள்ளும். மடல் எவ்வளவு சாய்ந்தது என்று ஒரு மின்னணுப் பெட்டி படித்து, பெட்ரோலை அளந்து பீய்ச்சும். அருமையான ஏற்பாடு, அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஐம்பது வருட வெப்பத்தில் ஒயர்களும் கனெக்டர்களும் நைந்துபோகின்றன. அப்போது சிலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, 240இசட்டின் கார்புரேட்டர்களையே தேடிப் பிடித்துப் பூட்டுகிறார்கள். பெட்டி பார்த்துவந்த வேலை அன்றிலிருந்து மனிதக் காதுக்கு வந்து சேர்கிறது. என் மனம் போய் நிற்பது அங்கேதான்.

இன்ஜெக்‌ஷனுக்கான பம்ப், சதுர அங்குலத்துக்குச் சுமார் 36 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். கார்புரேட்டருக்கு மூன்றரை பவுண்டு போதும். அதன் கிண்ணத்தில் மிதக்கிற ஒரு மிதவைதான் சின்ன ஊசி வால்வைத் தூக்கி வழியை அடைக்க வேண்டும். 36 பவுண்டு வந்து மோதினால் அந்த ஊசியால் தாங்க முடியாது. பெட்ரோல் பொங்கி, சூடான எஞ்சின்மேல் வழியும். ஊட்டுகிற கைக்குப் பிள்ளையின் வாயளவு தெரிந்திருக்க வேண்டாமா? பம்பை மாற்றாமல் கார்புரேட்டரைப் பூட்டக் கூடாது.

அந்தக் கார்புரேட்டர்கள் ஜப்பானில் ஹிட்டாச்சி செய்தவை. வடிவமோ இங்கிலாந்தின் எஸ்.யூ. வகை. எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர் யூனியன். செருப்பு, பூட்ஸ் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த முதல் கார்புரேட்டரில் ஏறி இறங்கியது ஒரு தோல் துருத்தி. உலோக பிஸ்டன் பிறகு வந்தது. நம் ஊர்த் தெருக்களில் ஓடிய மோரிஸ் மைனரின் மூச்சும் எஸ்.யூ. வழியாகத்தான் போய்வந்தது. உடம்பைத் துருத்தி என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது சற்று நேரம் பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

எஸ்.யூ. கார்புரேட்டரில் பிஸ்டனைத் தூக்க யாரும் இல்லை. எஞ்சின் உள்ளிழுக்கும் மூச்சே அதைத் தூக்குகிறது. பிஸ்டனின் அடியில் நுனி மெலிந்த ஓர் ஊசி. அது ஏற ஏற, துளையில் இடைவெளி கூடி, கேட்ட அளவு பெட்ரோல் வருகிறது. மேலே ஒரு குழலில் கொஞ்சம் எண்ணெய். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தாலும் பிஸ்டன் பதறிக் குதிக்காமல் அந்த எண்ணெய் பிடித்து நிதானப்படுத்தும். ஒரு கரண்டி எண்ணெய்கூட இராது. அது வற்றிவிட்டால் எஞ்சின் தடுமாறும்.

கார்புரேட்டரைத் தொடுமுன் வேறு வேலைகள் உண்டு. சூடான எஞ்சினில் டேப்பட் இடைவெளி காற்று வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 0.30. பிளக், டைமிங் பார்க்க வேண்டும். பிறகு கசிவு. மேனிஃபோல்ட் கேஸ்கட்டிலோ பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸிலோ மயிரிழை விரிசல் இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். அதை அடைக்காமல் எத்தனை முறை திருகினாலும் நிலைக்காது. கண்மூடி உட்கார்ந்தும் மனம் அடங்கவில்லை என்று வருந்துகிற நண்பர்களிடம் இந்தக் கசிவைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது. காலையில் யாரிடமோ சொன்ன ஒரு கடுஞ்சொல், திருப்பித் தராத ஒரு கடன். அதைச் சரிசெய்துவிட்டு வந்து உட்காருங்கள்.

இனிக் காது. கை நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான் கருவி. அந்த நீளம் இருந்தால் முகம் ஃபேனுக்கு விலகி நிற்கும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முன் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தால் ‘ஸ்ஸ்’ என்ற சீறல் கேட்கும். பின்னதிலும் பிடித்துக் கேட்க வேண்டும். ஒன்று உரக்கவும் ஒன்று தணிந்தும் ஒலித்தால், அந்தந்தத் திருகை மெல்ல நகர்த்தி இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது மனசுக்குள் வேறு பேச்சு ஓடினால் வித்தியாசம் பிடிபடாது. கேட்கிறவர் அடங்கினால்தான் அது கேட்கும்.

அடுத்தது கலவை. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெதுவாக உயர்த்திப் பார்ப்பார்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் துவண்டு அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி, உடனே பழைய நிலைக்கு இறங்கினால் சரி. அடியிலுள்ள நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்ப வேண்டும். திருப்பியதும் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். இரண்டை மாற்றியவருக்கு எது குணம் தந்தது என்று தெரியாமலே போய்விடும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றினால், பீங்கான் இளம்பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு.

இப்படிக் கூடிவந்த சுருதியும் நிரந்தரமில்லை. கடலோர லாஸ் ஏஞ்சலஸில் ட்யூன் செய்த காரை 5,280 அடி உயரத்திலுள்ள டென்வருக்கு ஓட்டிப் போனால், அங்கே காற்று மெலிந்திருக்கும். கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக் கறுக்கத் தொடங்கும். குழாயைக் காரிலேயே வைத்திருங்கள்.