வாசலில் நின்ற துப்பாக்கி

பண்ணைப்புரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளையராஜா பிறந்த ஊர் என்று உலகம் அந்த ஊரை அறியும். காட்டுப் பன்றி இறங்கும் ஊர் என்றே பெரியவர் அதை அறிவார். மேற்கே மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நிலக்கடலை காய் பிடிக்கும் நாட்களில் இரவில் அவர் வீட்டில் படுப்பதில்லை. காவலுக்குத் துணையாகக் கூலியாள் ஒருவனும், உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றும் அவரோடு இருக்கும். பன்றியைச் சுட்டுவிடச் சட்டம் எளிதில் இடம் கொடுப்பதில்லை. வெறும் மருந்தைக் கெட்டித்து, வெடிச் சத்தத்தால் விரட்டுவதோடு சரி.

ஒரு நாள் இரவு அந்தக் கூலியாளைப் பாம்பு தீண்டிவிட்டது. பெரியவர் ஜீப் ஒன்றைப் பிடித்து, அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு ஓடினார். அது எந்த மருத்துவமனை என்பது நமக்கு வேண்டாம். வாசலில் இறங்கும்போதுதான் தம் தோளில் துப்பாக்கி தொங்குவது அவருக்கே தெரிந்தது. நல்ல வேளை, கெட்டித்திருக்கவில்லை.

"துப்பாக்கியோட உள்ளே விட முடியாதுங்க ஐயா" என்றார் காவலாளி.

"சரிப்பா, இதை எங்கே வைக்கிறது?"

"அது உங்க பொறுப்பு."

ஜீப்பில் போட்டுவிட்டுப் போனால், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடலாம். போனால் உரிமம் போகும், வழக்கும் வரும். அதைவிட, அந்தத் துப்பாக்கியால் யாருக்கேனும் ஏதேனும் நேர்ந்தால் அந்தப் பழி வாழ்நாள் முழுவதும் போகாது. ஆகவே பெரியவர் விடியும் வரை வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே மருத்துவர்கள் கேட்டார்கள்: எப்போது கடித்தது? எப்போது நாக்குக் குழறத் தொடங்கியது? அதற்கெல்லாம் பதில் தெரிந்த ஒரே மனிதர் வெளியே நின்றுகொண்டிருந்தார். ஜீப் ஓட்டி வந்த பையன் உள்ளுக்கும் வெளிக்குமாக ஓடி ஓடிக் கேள்வியையும் பதிலையும் சுமந்தான். கூலியாள் பிழைத்துக்கொண்டான்.

இதை அவர் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னபோது, அவர் குரலில் கோபம் இல்லை. "காவக்காரன் சொன்னது தப்பா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பியபின் எண்ணிப் பார்த்தேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அயலான் நம்மை நம்பாமல் செய்தது. நாம் நமக்காகச் செய்துகொண்டது 1959ஆம் ஆண்டின் சட்டம். பயிர்க் காவலுக்கு உண்மையாகவே வேண்டும் என்று கேட்பவருக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க அது வழி செய்கிறது. சொத்து இல்லாதவன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனுக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல சொல்தான். ஆனாலும், பன்றி தின்னப் பயிர் இருப்பவனுக்குத்தானே காவல் துப்பாக்கி வேண்டும்? அன்றிரவு வயலில் இருந்த இருவரில் துப்பாக்கி ஒருவர் தோளில் இருந்தது. பாம்பு தீண்டியது மற்றவன் காலில்.

உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று நம் கேள்விக்கு நெருங்கி வருகிறது. தனி அனுமதி இல்லாமல் சந்தைக்கும் திருவிழாவுக்கும், சமய ஊர்வலத்துக்கும், மக்கள் கூடும் பிற கூட்டங்களுக்கும், கல்வி நிலையத்தின் வளாகத்துக்குள்ளும் ஆயுதத்தைக் கொண்டு போகக் கூடாது என்பது அது. மருத்துவமனை என்ற சொல் அந்த வரியில் இல்லை. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை மட்டும், மாணவர்களுக்காகப் போட்ட வேலிக்குள் நோயாளிகளையும் சேர்த்துக்கொள்கிறது.

துப்பாக்கி வைத்திருப்பதை அரசியல் சட்டத்திலேயே உரிமையாக எழுதி வைத்துக்கொண்ட அமெரிக்காவிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். 2008ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களில் ஆயுதத்தைத் தடுக்கும் சட்டங்களை ஐயுறவில்லை என்றும் எழுதியது. அங்கும் அந்த வரியில் மருத்துவமனையின் பெயர் வரவில்லை. 2022இல் அந்த உரிமை வீட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கும் வந்துவிட்டது. பல்கலைக்கழக மருத்துவமனையின் வாசல் வரை வந்தவன் அங்கே என்ன செய்வது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

சட்டம் பெயர் சொல்ல மறந்த இடத்தில் அறம் என்ன சொல்லும்?

துப்பாக்கி என்பது, என்னைக் காக்க என்னைத் தவிர ஒருவரும் வரமாட்டார் என்ற எண்ணத்தின் இரும்பு வடிவம். அந்த எண்ணம் எப்போதும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். நள்ளிரவில், அடிவாரத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லாத வயலில் அது உண்மைதான். மருத்துவமனையோ அதற்கு நேர்மாறான இடம். முன்பின் அறியாதவர் கையில் கத்தியைக் கொடுத்து, நம்மை மயக்கிக் கிடத்தி அறுக்கச் சொல்லும் இடம். நம்பிக்கை இல்லாவிட்டால் அங்கே ஒரு ஊசிகூட ஏறாது.

1967 ஜனவரி 12ஆம் நாள் இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர் சுடப்பட்டார். அவரைச் சுட்டதாகப் பின்னர்த் தண்டனை பெற்ற எம்.ஆர்.ராதாவும் குண்டுக் காயத்தோடு இருந்தார். இருவரையும் முதலில் இராயப்பேட்டை மருத்துவமனைக்கும், பிறகு சென்னை அரசு பொது மருத்துவமனைக்கும் கொண்டு போனார்கள். இருவரும் பிழைத்தார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எங்கே இரத்தம் வடிகிறது என்பதை மட்டுமே மருத்துவர் பார்ப்பார். சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒரே கூரையின் கீழ்க் கிடக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அந்தக் கூரைக்குள் பார்க்க வருகிறவர்கள் தோளில் துப்பாக்கியோடு வந்தால், மருத்துவரின் கை நடுங்காமல் இருக்குமா? முதலாளியும் கூலியும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும்போது ஒருவரின் உறவினரிடம் மட்டும் ஆயுதம் இருந்தால், யாரை முதலில் கவனிப்பது என்பதைக் காயம் முடிவு செய்யுமா, ஆயுதம் முடிவு செய்யுமா? ஆகவே காவலாளி சொன்னதில் முதல் பாதி சரி.

துப்பாக்கி உரிமைக்காரர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: "என் ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். உள்ளே எனக்கு ஆபத்து வந்தால் யார் காப்பது?" இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் சீரழித்துக் கொல்லப்பட்டார். அதன் பிறகே உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அங்கே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை காவலுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சென்னை கிண்டியில், நோயாளி ஒருவரின் மகன் அரசு மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தினான். மருத்துவமனைகளைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருந்தும் இது நடந்தது. துப்பாக்கியை வெளியே நிறுத்திவிட்டால் கொடுமையும் வெளியே நின்றுவிடும் என்று நம்புவது பேதைமை.

இதற்காக எல்லோரும் ஆயுதத்தோடு உள்ளே போகலாம் என்று சொல்லிவிட முடியாது. ஒருவனிடம் ஆயுதத்தைக் கீழே வை என்று சொல்பவர், அவன் அச்சத்தைச் சுமக்கவும் கடமைப்பட்டவர் ஆகிறார். அவன் இனித் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியதில்லை. காக்க வேண்டியவர் நாம். வைத்த பொருளுக்கும் நாமே பொறுப்பு. இந்தக் கடமையை ஏற்காமல் தடையை மட்டும் போடுவது பாதி அறம். "அது உங்க பொறுப்பு" என்ற மறுபாதியில்தான் காவலாளி தவறினார். அவர் மட்டுமா தவறினார்? வாசலில் அவரை நிறுத்தியவர்கள் ஒரு பூட்டிய பெட்டியையும் ஒரு ரசீதுப் புத்தகத்தையும் அவரிடம் கொடுக்கவில்லையே!

ரசீது புதிய யோசனை அன்று. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பெரியவரும் 2024 தேர்தலின்போது ஒப்படைத்தார். வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். தேர்தல் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். தம் உரிமை பறிபோனதாக அவர் அன்று எண்ணவில்லை. அச்சமின்றி வாக்களிக்க ஆயுதம் விலகி நிற்க வேண்டும் என்றால், அச்சமின்றி மருந்து வாங்கவும் அது விலகி நிற்கலாம். அந்தச் சீட்டைப் போல ஒன்று அன்றிரவு கிடைத்திருந்தால் அவர் உள்ளே போயிருப்பார்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று அந்தக் கூலியாள் மாட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தான். கால் தேறிவிட்டது. அந்த இரவைப் பற்றிக் கேட்டேன். "மொதலாளி வெளியே நின்னது எனக்குத் தெரியாதுங்க. என்னைப் போட்டுட்டுப் போயிட்டாருன்னுதான் விடிய விடிய நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றான்.