அம்மி தேய்ந்த கணக்கு

பழக்கத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்ற பழமொழியை விடுவதே இல்லை. கல்லூரி விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் பலரும் எங்கள் மாணவிகளுக்குச் சொல்வது இதைத்தான். தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திரு, பத்துப் பக்கம் படி, ஐந்தே ஆண்டில் வேறு ஆளாகிவிடுவாய். எனக்கு அந்த அம்மியின் மேலேயே ஒரு சந்தேகம் உண்டு. அம்மியை நகர்த்தியவர்களைவிட அதில் அரைத்தவர்கள்தாம் அதிகம். மிளகாயும் தேங்காயும் அரைத்து அரைத்துக் கருங்கல்லையே வழவழப்பாக்கினார்கள். மசாலா மசியாமல் போனதும், தெருவில் குரல் கொடுத்துப் போகும் அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கல்லைக் கொத்தச் சொல்லி, மறுநாள் மறுபடி அரைக்க உட்கார்ந்தார்கள். இடைவிடாத சிறு செயல் பெரும்பலன் தரும் என்றால், கல்லையே தேய்த்த அந்தக் கைகளுக்கு என்ன சேர்ந்தது?

சிறு பழக்கம் ஆளை வளர்க்கும் என்பதை நான் மறுக்கவில்லை. கவிதை எழுதுகிற எவருக்கும் அது தெரியும். யாழ் வாசித்து வாசித்தே இசைஞராவதுபோல, நல்லதைச் செய்து செய்தே நல்லவராகிறோம் என்றார் அரிஸ்டாட்டில். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். செய்கிறவர் அறிந்து, தாமே தேர்ந்து, உறுதியோடு அதைச் செய்ய வேண்டும். (பெண்ணுக்கு யோசிக்கும் திறன் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை என்று எழுதியவரும் இவர்தான். வகுப்பில் இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.) ‘தாமே தேர்ந்து’ என்ற இடத்தில்தான் நம் பேச்சாளர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்கிற ஒரு பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். செய்கிற ஆண் 97 நிமிடம். ஒழுங்கும் விடாமுயற்சியும் போதாது என்று அந்தப் பெண்ணுக்குப் போய் யார் பாடம் நடத்துவது? அவளுடைய பழக்கமும் பலன் தருகிறது. அந்தப் பலன் போய்ச் சேர்வது வேறொருவரின் படிப்பில், பதவியில், உடல்நலத்தில்.

வங்காளத்து ராஸசுந்தரி தேவியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 12 வயதில் திருமணம், 12 பிள்ளைகள், சாப்பிடக்கூட நேரம் கிடைக்காத நாட்கள். பெண் படித்தால் குடும்பத்துக்குக் கேடு என்று நம்பிய 19ஆம் நூற்றாண்டு. வீட்டிலிருந்த சைதன்ய பாகவதத்திலிருந்து ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலையொன்றையும் எடுத்துக்கொண்டார். சமைக்கிற நேரத்தில் முக்காட்டுக்குள்ளிருந்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் படிக்கக் கற்றார். வங்க மொழியின் முதல் தன்வரலாறாக அறியப்படும் ‘ஆமார் ஜீபன்’ அவர் எழுதியது.

இந்தக் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்லிவிடலாம், சொல்கிறார்கள். ஆனால் விடாமுயற்சி அவருக்கு ஏற்கெனவே இருந்தது, அத்தனை பேருக்கும் வேளை தவறாமல் சோறு போட்டவர் அவர். புதிதாக நடந்தது ஒன்றுதான். அன்றாடத்திலிருந்து ஒரு துளி நேரத்தைத் தனக்கென்று எடுத்தார். அதை அவர் ஒளிந்து செய்ய வேண்டியிருந்தது. தனக்கென்று எடுப்பது களவா என்ற கேள்விதான் எனக்கு இதில் முக்கியம். இன்னொன்றையும் கவனியுங்கள். எழுதக் கற்றது பல ஆண்டுகள் கழித்து, கணவரின் வைத்தியத்துக்காக வேறூரில் தங்கியபோது. அங்கே வீட்டு வேலை குறைவு.

அதனால் என் மாணவிகளிடம் எத்தனை மணிக்கு எழுகிறாய் என்று நான் கேட்பதில்லை. எழுந்ததும் செய்கிற வேலைகளில் எதை வீட்டில் இன்னொருவரிடம் கொடுக்கலாம் என்று கேட்கிறேன். “எங்கண்ணனுக்குக் காபிகூடப் போடத் தெரியாது, மேடம்” என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்த பழக்கம்தான், இருபது வருஷப் பழக்கம் என்றேன். இரண்டு வாரம் கழித்து வந்து சொன்னாள்: அண்ணன் இப்போது தன் தட்டை மட்டும் கழுவுகிறானாம். அதற்கே பாட்டி அவளிடம் மூன்று நாள் பேசவில்லையாம்.