சீருடைக்குள் யார்?

"மேலிடத்து உத்தரவு, நாங்க என்ன செய்ய?" என்கிறார்கள்.

1939இல் போலந்தைப் பிடித்த நாஜிகள், அங்கேயே பிறந்து வளர்ந்த ஜெர்மானியரைச் சேர்த்து 'செல்ப்ஷுட்ஸ்' என்ற துணைப்படை கட்டினார்கள். யாரு வீடு எதுன்னு ஊர்க்காரனுக்குத்தானே தெரியும்? பக்கத்து வீட்டுப் போலந்துக்காரரையும் யூதரையும் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள்.

எங்கள் ஆதிச்சநல்லூர் இருக்கும் இதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் கொடியன்குளமும் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் அந்தப் பள்ளர் கிராமத்துக்குள் புகுந்தார்கள். குற்றவாளியைத் தேட வந்ததாகவே வைத்துக்கொள்வோம். டி.வி.யும் ஃபேனும் என்ன குத்தம் செஞ்சுது? குடிதண்ணிக் கிணத்துல விஷம் கலக்க எந்தச் சட்டம் சொல்லுது?

உத்தரவு போட்டவன் குற்றவாளி. அதைத் தன் பகைக்குச் சாக்காக்கியவனும் குற்றவாளிதான். உடுப்பு மாட்டும்போது சாதியைக் கழட்டி வைக்காதவனை வெறும் அரசு ஊழியன்னு எப்படி மன்னிப்பது?