நான்கு உண்மைகளும் ஒரு துயரமும்

"அவரை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது எவ்வளவு தூரம் நிஜம்?

இந்தக் கேள்வி மனத்தைக் குடையும்போதெல்லாம் லாரன்ஸ் டரலின் அலெக்ஸாண்டிரியா நாவல்களை எடுத்துப் புரட்டுவது என் வழக்கம். டரல் ஆங்கிலேயர், ஆனால் 1912-இல் பிறந்தது நம் ஜலந்தரில். இரண்டாவது உலக யுத்த காலத்தில் எகிப்தில் உத்தியோகம் பார்த்தவர். கிரேக்கரும் யூதரும் காப்டிக் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த அந்த மத்தியதரைக் கடல் துறைமுகத்தை வைத்து 'ஜஸ்டின்' (1957), 'பால்தஸார்', 'மவுண்டாலிவ்' (இரண்டும் 1958), 'கிளியா' (1960) என்று நான்கு நாவல்கள் எழுதினார்.

முதல் நாவலில் கதை சொல்பவன் டார்லி என்ற ஏழை உபாத்தியாயன். நெஸிம் என்ற செல்வந்தனின் மனைவி ஜஸ்டின் தன்னைக் காதலித்தாள் என்று நம்பி உருகி உருகி எழுதுகிறான். அதைப் படித்த டாக்டர் பால்தஸார், வரிகளுக்கு நடுவே திருத்தங்கள் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவள் காதலித்தது பர்ஸ்வார்டன் என்ற எழுத்தாளனைத்தானாம். டார்லி அதை மறைக்க வந்த வெறும் திரை! மூன்றாவது நாவலில் அதுவும் புரண்டுபோகிறது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து நடத்திய அரசியல் சதி ஒன்று வெளிப்படுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "உண்மை என்று ஒன்று கிடையாது, அவரவர் பார்வை அவரவருக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அது மிகவும் சௌகரியமான தத்துவம். தவறு செய்தவனுக்கு அதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டான்.

இந்தக் கதையில் மெலிஸா என்று ஒருத்தி இருக்கிறாள். நடன விடுதியில் ஆடிப் பிழைக்கும் கிரேக்கப் பெண்; க்ஷயரோகி. டார்லியை உண்மையாக நேசித்தவள். ஜஸ்டினின் மோகத்தில் அவளை அவன் புறக்கணிக்கிறான். அவள் சாகும்போது அவன் பக்கத்தில் இல்லை. நெஸிமுக்கு அவள் பெற்ற குழந்தையைத் தீவு ஒன்றில் வைத்து வளர்த்துக்கொண்டுதான் அவன் ஜஸ்டினைப் பற்றி எழுதுகிறான்! அடுத்த நாவல்களில் மெலிஸாவைப் பற்றியும் புதிய விவரங்கள் வருகின்றன. ஆனால் அவள் பட்ட வேதனையை எந்த நாவலும் திருத்தவில்லை, திருத்தவும் முடியாது.

எனக்கும் ஒரு பால்தஸார் வந்ததுண்டு. நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கு நண்பர் ஒருவர் பதில் போடவில்லை. கர்வம் என்று தீர்மானித்தேன். மூன்று வருஷம் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நாலு பேரிடம் இளக்காரமாகவும் பேசினேன். பிறகு ஒருநாள் அவர் மனைவியைப் பஸ்ஸில் சந்தித்தேன். "அவருக்குப் பார்வை போய் மூன்று வருஷமாகிறது. நீங்கள்கூட வரவில்லையே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்றாள்.

அன்றைக்கே ஓடினேன். அவர் பற்றிய என் அபிப்பிராயத்தை ஒரு நிமிஷத்தில் மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்த மூன்று வருஷத்தை என்ன செய்வது?

மனிதர்களின் நோக்கத்துக்கு நான்கு முகம் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். நாம் கொடுத்த துன்பத்துக்கு முகம் ஒன்றுதான். பிறரை முழுக்க அறிய முடியாது என்பது நமக்குக் கிடைத்த மன்னிப்பு அல்ல. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார் என்ற எச்சரிக்கை.