பொறியின் சான்று

ஒருவர் உரையைச் சான்றெனக் கொள்ளுமுன், உரைப்பவர் மயக்கமும் வஞ்சமும் இலராதலை ஆராய்தல் அளவைநூலார் வழக்கு. உரைப்பது பொறியாயின் அவ்வாராய்ச்சி வேண்டாவோ? பொறிக்கு வஞ்சமின்மை ஒக்கும். மயக்கமின்மை யாங்ஙனம் பெறப்பட்டது?

பிரித்தானிய அஞ்சல் நிறுவனம் 1999-ஆம் ஆண்டு முதல் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்னுங் கணினிக் கணக்கை நிறுவிற்று. அது காட்டிய தொகையினும் பெட்டியிலுள்ள பணங் குறைந்துழி, அக்குறையைக் கிளை நடத்திய துணை அஞ்சலதிபரே நிரப்பல் வேண்டுமென்றனர் நிறுவனத்தார். பலர் தம் சேமிப்பெல்லாம் இழந்து நிரப்பினர். 2015 வரையில் 900-க்கு மேற்பட்டோர் களவும் பொய்க்கணக்கும் புரிந்தாரெனத் தண்டிக்கப்பட்டனர். 'இக்குறை நும் ஒருவர்க்கே நேர்ந்தது' எனப் பலரிடமுஞ் சொல்லப்பட்டதாம். பலரிடஞ் சொன்னதே அக்கூற்றுக்கு மறுப்பன்றோ!

பல வழக்குகளிற் பொருள் இழந்தமைக்குக் கணினியின் கணக்கன்றி வேறு சான்றில்லை. மூடுபனியைப் புகையெனக் கண்டு தீயுண்டெனத் துணிந்தார் செயலே இது. கணினி செவ்வனே இயங்கியதென்பதைச் சான்று காட்டுவோரே நிறுவுதல் வேண்டுமென்ற இங்கிலாந்து விதியும் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின், மறுப்புக் காட்டுங்காறும் பொறி வழுவற்றதெனக் கொள்ளப்பட்டது. மறுப்புக்கு வேண்டும் ஏடுகளோ வழக்குத் தொடுத்தார் கையன! பிறர் பூட்டிய பேழையுட் பிழை காட்டுகவென ஏழையை ஏவுதல் எந்நெறி?

2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அமைப்பின் வழுக்களை வெளிப்படுத்திற்று. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் 39 பேர்மீதுள்ள தீர்ப்புக்களை நீக்கி, கணக்கில் ஐயமுண்மை அறிந்தும் நிறுவனத்தார் உரியவாறு ஆராய்ந்து வெளியிட்டிலர் எனக் கூறியது. ஆகவே மயக்கம் பொறியது, பழி அறிந்தாரது. 2024-இற் பாராளுமன்றமே சட்டமியற்றி நூற்றுக்கணக்கானோர் தீர்ப்புக்களை ஒருங்கே நீக்கிற்று. அதற்குமுன்னரே இறந்துபட்டாரும் உளர். அவர் குற்றமற்றவர் என்னுஞ் சொல் அவர் செவிப்படவில்லை.