பானையோடு வருகிறவர்

சொப்பீனோ என்று ஒரு மீன் குழம்பு. பெயரில் இத்தாலி, பிறந்த ஊர் அமெரிக்கா. 1800களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பிழைக்கப் போன ஜெனோவா பக்கத்து மீனவர்கள், சொந்த ஊர் ‘சுப்பீன்’ என்ற மீன் சூப்பை அங்கே கிடைத்த நண்டைப் போட்டு வேறு மாதிரி ஆக்கிக்கொண்டார்கள்.

வீட்டில் செய்வது பிரம்ம வித்தை இல்லை. ஆலிவ் எண்ணெயில் வெங்காயம், பூண்டு வதக்கி, தக்காளியும் கொஞ்சம் ஒயினும் சேர்த்து அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். அப்புறம்தான் கவனம் வேண்டும். நண்டும் சிப்பியும் முதலில், மீன் துண்டும் இறாலும் கடைசியில். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் இறால் ரப்பராகிவிடும். வெந்த பிறகும் வாய் திறக்காத சிப்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இந்தக் குழம்புக்கு ஒரு கதை சொல்வார்கள். வலையில் ஒன்றும் சிக்காமல் திரும்பியவர், கரையில் பானையைத் தூக்கிக்கொண்டு படகு படகாகப் போவாராம். ஒருத்தர் நண்டு போடுவார், இன்னொருத்தர் நாலு சிப்பி. சேர்ந்ததுதான் அன்றைய குழம்பு. ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் ‘சிப் இன்’ எனக் கூவியதே சொப்பீனோ ஆயிற்று என்பது கதையின் வால். சுப்பீன் இருக்கும்போது ஆங்கிலம் எதற்கு? வாலை நறுக்கிவிடலாம். உடம்பை விட எனக்கு மனசில்லை.

பானையில் நண்டு போட்டவர் செய்தது தர்மமா, இன்ஷூரன்ஸா? பி.காம். புத்தி உடனே பற்று வரவுக்குத்தான் ஓடுகிறது. இன்றைக்கு நான், நாளைக்கு நீ. கடலில் யார் வலையும் ஒருநாள் காலியாகும். பிரீமியம் கட்டுவதில் என்ன பெரிய புண்ணியம்? சுயநலம்தான், கொஞ்சம் தொலைநோக்கான சுயநலம்.

ஆனால் வாங்குகிறவர் பக்கம் நின்று பாருங்கள். தர்மம் என்றால் அவர் தலை குனிய வேண்டும். ‘நாளைக்கு நீ போடு’ என்றால் நிமிர்ந்து வாங்கிக்கொண்டு போகலாம். என் புண்ணியக் கணக்கில் வரவு வைக்க இன்னொருத்தர் முதுகு வளைய வேண்டுமா என்ன? எனக்கு இன்ஷூரன்ஸே மேல் என்று படுகிறது.

ஒரு இடத்தில்தான் இடிக்கிறது. கை நடுங்குகிற ஒரு கிழவரை நினைத்துக்கொள்ளுங்கள். இனி கடலுக்குப் போக முடியாதவர். அவரும் பானையோடு வருகிறார். திருப்பிப் போட வழியில்லை என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அவர் எத்தனை நண்டு போட்டார் என்று பழைய பேரேட்டைப் புரட்டுவீர்களா? வாராக் கடன் என்று எழுதிவிட்டுப் போடுவீர்களா? போடுவீர்கள், நல்லவர்தான் நீங்கள். எத்தனை நாள்? பத்து நாள்? பதினோராம் நாள் அவர் தூரத்தில் வருவது தெரிந்ததும், படகுக்குள் குனிந்து, சரியாக இருக்கிற வலையைச் சரிசெய்ய ஆரம்பிப்பீர்களா?