விதையும் மண்ணும்

காட்பாடி ஜங்ஷனில் வடக்கேயிருந்து வரும் ரயில் நின்றால், இறங்குகிறவர்கள் பலர் கையில் ஸ்கேன் கவர் இருக்கும். வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கிருந்தெல்லாமோ வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். என் அத்தை அதே மாதிரி ஒரு கவரோடு ஆம்பூரிலிருந்து வந்து இறங்கிய அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

அத்தை இருபது வருஷம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. "நான் யாருக்கு என்னடா பாவம் பண்ணேன்?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர் சாப்பாட்டைக் குறை சொன்னார்கள். நான் பாலாற்றைச் சொன்னேன். யார் மேலாவது பழியைப் போடாமல் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

சாஃப்ட்வேர்காரன் புத்தி எனக்கு. ஏதாவது உடைந்தால் எந்த வரியில் தப்பு என்று தேடுவேன். புற்றுநோயும் ஒரு செல்லின் டிஎன்ஏவில் விழுந்த பிழை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் 1889-லேயே லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்டார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தானே போகிறது, பிறகு ஏன் ஈரலுக்கு அதிகமாகவும் மண்ணீரலுக்குக் குறைவாகவும் பரவுகிறது? விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட பதில்.

எலும்பில் நடப்பதும் இதுதான். அங்கே போய்ச் சேர்ந்த புற்றுசெல், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. கரையும் எலும்பு தனக்குள் சேர்த்து வைத்திருந்த வளர்ச்சிப் பொருட்களை வெளியே விடுகிறது. அதை வாங்கிக்கொண்டு புற்று இன்னும் வளர்கிறது. அதனால் அத்தைக்குப் புற்றைத் தாக்கும் மருந்தோடு சோலெட்ரானிக் ஆசிட் ஊசியும் போட்டார்கள். எலும்பு கரைவதைக் குறைப்பது அதன் வேலை. மண்ணுக்கு வைத்தியம்.

"பாத்தியா, மண்ணுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்று நான் குதித்தேன். அத்தை நிதானமாகக் கேட்டார்: "அப்போ என் கூட தைச்சவங்களுக்கெல்லாம் ஏன்டா வரல?"

பதில் இல்லை. குரோமியத்தின் ஒரு வடிவம் நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பது நிரூபணமான விஷயம். அத்தைக்கு வந்தது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு உடம்பை வைத்து ஆற்றின் மேல் வழக்குப் போட முடியாது.

அப்போ யாருக்கும் பொறுப்பில்லையா? எங்கள் ஊர்ப் பெயரிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பாலாற்றில் விடப்பட்ட தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்ற சாக்கில் பாதுகாப்பைத் தள்ளிப்போடக் கூடாது, தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்துகிறவர்தான். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பும் தேவைப்பட்டது.

காரணத்தையும் பொறுப்பையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தேன். எலும்புக்கு ஊசி போட்டவர்கள், நோய் எப்படி வந்தது என்று தெரிந்த பிறகு போடுவோம் என்று காத்திருக்கவில்லை. ஆற்றுக்கு மட்டும் நாம் காத்திருக்கிறோம்.

அத்தையின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. "உன் மேல தப்பு இல்ல அத்தை" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எந்த நிரூபணமும் வேண்டியிருக்கவில்லை.